வலை நிறைந்த மறுநாளும் கேளுங்கள்

அன்பியக் கூட்டம், அதாவது எங்கள் பங்கில் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் கூட்டம், முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். ஒரு தம்பி மட்டும் போகாமல் நின்றார். கல்யாணமாகி ஆறு மாதம், விசைப்படகில் பிடிபடும் மீனில் பங்குக்காகக் கடலுக்குப் போகிறவர். "அண்ணே, எதுன்னாலும் ஆண்டவர்கிட்ட கேட்டுச் செய்யுன்னு எல்லாரும் சொல்றீங்க. எப்படிக் கேக்குறதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறீங்க. கண்ண மூடுனா எனக்குத் தூக்கம்தாண்ணே வருது" என்றார்.

நியாயமான குறைதான். 'இறைவிருப்பத்தை நாடுங்கள்' என்று மறையுரையில் கேட்டுக் கேட்டு நமக்குக் காது பழகிவிட்டது. வலை பின்னச் சொல்லித்தரும்போது ஊசியை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து தொடங்குகிறோமே, இதை அப்படி யாரும் சொல்லித்தருவதில்லை. அன்று இரவு பாம்பன் கரையில் உட்கார்ந்து அந்தத் தம்பிக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நான் குருவானவர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. இருபது வருஷம் கடலுக்குப் போனவன். கேட்டுப் போய்ப் பிழைத்ததும் உண்டு, கேட்காமல் போய் அடிபட்டதும் உண்டு.

பதில் வந்ததைத் திரும்பக் கேட்காதீர்கள்

செபிக்க உட்காருவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றைப் பிரித்து ஒதுக்கி வையுங்கள். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கலாமா, தராசில் கை வைக்கலாமா, சண்டை போட்ட தம்பியிடம் நானே முதலில் போய்ப் பேசலாமா... இதற்கெல்லாம் பதில் வந்து ரொம்பக் காலமாகிவிட்டது. திரும்பத் திரும்பக் கேட்பது, வேறு பதில் வராதா என்கிற நப்பாசையில்தான்.

வானிலையும் அப்படியே. பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கிறது, மீன்துறை கடலுக்குப் போக டோக்கன் தரவில்லை. அப்போது போய் "ஆண்டவரே, இறங்கட்டுமா" என்று முழந்தாளிட்டால் அது பக்தி ஆகாது. கூண்டுதான் பதில். 1964 டிசம்பர் 22, புயல் அடித்த இரவு தனுஷ்கோடியில் படுத்திருந்தவர்களுக்கு இன்று நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை கிடைக்கவில்லை. நமக்குக் கிடைக்கிறது. அதைத் தட்டிவிட்டு அற்புதம் கேட்க நமக்கு முகம் இல்லை.

எங்கள் பக்கம் எப்போதும் எழும் கேள்வி ஒன்று உண்டு. இலங்கைக் கடல் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்தால்தான் இறால், போகட்டுமா? 1974-லும் 1976-லும் இரண்டு அரசுகள் போட்ட ஒப்பந்தத்தில் நம்மை யாரும் கேட்கவில்லை என்ற வருத்தம் எனக்கும் இருக்கிறது. டீசலுக்குக்கூட வராத நாளின் நெருக்கடியும் தெரியும். ஆனால் நம் இழுவை மடி அறுத்துக்கொண்டு வருவது யாழ்ப்பாணத்துச் சின்ன மீனவரின் வலையை. அவரும் தமிழ்தான் பேசுகிறார். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் நமக்குப் பக்கத்தில் நின்று செபமாலை சொல்கிறார். அடுத்தவர் வலையை அறுக்கலாமா என்று தெரிந்துகொள்ளத் தனி வெளிப்பாடு தேவையில்லை. இப்படிச் சொன்னால் ஊரில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இப்படி ஒதுக்கிப் பார்த்தால் மிஞ்சும் கேள்விகள் கொஞ்சம்தான் இருக்கும். அதிலேயே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

கேள்வி கைக்குள் அடங்க வேண்டும்

"ஆண்டவரே, என் வாழ்க்கையை நீரே நடத்தும்" என்பது நல்ல செபம். ஆனால் அதில் கேள்வி எதுவும் இல்லை, அதனால் பதிலையும் அடையாளம் காண முடியாது.

தாவீது கேட்ட விதத்தைப் பாருங்கள். சாமுவேல் முதல் நூல் 23-ஆம் அதிகாரம். சவுல் அரசனுக்குப் பயந்து சுமார் 600 பேரோடு அலைகிற காலம். கெயிலா ஊரைப் பெலிஸ்தியர் கொள்ளையடிக்கிறார்கள் என்று செய்தி வருகிறது. போகலாமா என்று கேட்கிறார், போ என்று பதில். கூட இருப்பவர்கள் பயப்படுகிறார்கள். உடனே இன்னொரு முறை கேட்கிறார். இரண்டாம் முறை கேட்டதற்கு ஆண்டவர் கோபித்துக்கொள்ளவில்லை, அதே பதிலை இன்னும் உறுதியாகத் தருகிறார். ஊரைக் காப்பாற்றியாயிற்று. அப்புறம் சவுல் படையோடு வரப்போகிறான் என்று தெரிந்ததும் இரண்டு கேள்விகள்: சவுல் இங்கே வருவானா? இந்த ஊர்க்காரர்கள் என்னை அவன் கையில் ஒப்புவிப்பார்களா? வருவான். ஒப்புவிப்பார்கள். தாவீது ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்து வருகிறது. தாவீது போய்விட்டார் என்று தெரிந்ததும் சவுல் வராமலே நின்றுவிடுகிறான். ஆக, சொல்லப்பட்ட இரண்டும் நடக்கவில்லை. கேட்டவர் நகர்ந்ததால் நடக்கவில்லை. இது குறி கேட்பதைப் போன்ற காரியம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. குறி கேட்பவர், என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். தாவீது தன் கால் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துகொண்டார்.

சரி, செய்முறை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பக்கத்துக்கு ஒரு கேள்வி. மேலே தேதி. எந்தத் தேதிக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். 'பெரியவளை ராமநாதபுரத்திலேயே படிக்க வைப்பதா, மதுரைக்கு அனுப்புவதா', 'மாமா கூப்பிடும் வளைகுடா வேலைக்குப் போவதா, இங்கேயே இருப்பதா' என்கிற மாதிரி. ஒரு வரியில் எழுத வரவில்லை என்றால் கேள்வி இன்னும் பழுக்கவில்லை, விட்டு வையுங்கள்.

நேரமும் இடமும்

இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம். விடியற்காலையில் படகு ஏறுகிறவர்களுக்கும், பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் காலை நேரம் கிடைக்காது, மாலையில் வையுங்கள். கண்ணை மூடினால் தூக்கம் வருமா? கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து உட்காருங்கள். கண்ணை மூடினால்தான் செபம் என்று யாரும் சொல்லவில்லை.

அன்றைய திருப்பலி நற்செய்தியை இரண்டு முறை மெதுவாக வாசியுங்கள். கேள்வியை வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். முதல் சில நாள் வலை ஓட்டை, சீட்டுப் பணம், பிள்ளையின் காய்ச்சல் எல்லாம் வரிசையாக வரும். வந்தால் விரட்ட வேண்டாம், அதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள். முடிவில் நோட்டில் ஒரே ஒரு வரி. ஒரு வாரமாவது ஒரே கேள்வியோடு உட்காருங்கள்.

மண்டபத்தில் எனக்கு ஒரு முஸ்லிம் நண்பர் இருக்கிறார். முக்கியமான காரியம் என்றால் இஸ்திகாரா என்று இரண்டு ரக்அத் (இரண்டு சுற்று) தொழுது, இது எனக்கு நல்லது என்றால் எளிதாக்கு, கெட்டது என்றால் என்னைவிட்டு அதை விலக்கு என்று கேட்பார். 'இதை எனக்குக் கொடு' என்று மட்டுமே செபித்துப் பழகிய எனக்கு, 'விலக்கு' என்று சேர்த்துக் கேட்க அவரிடமிருந்துதான் தைரியம் வந்தது.

தென்காற்று மெல்ல அடித்தால் மட்டும் போதாது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது. எல்லாவற்றையும் அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள். விவிலியத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைப்பார்கள். எனக்கு ஒருமுறை அப்படி வந்தது குறிப்பேட்டின் வம்ச அட்டவணை. கடன் வாங்கலாமா என்ற கேள்விக்கு முப்பது பேர் பெயர். சீட்டு எழுதிக் குலுக்குவார்கள், பூக்கட்டிப் போடுவார்கள். திருத்தூதர்களே சீட்டுப் போட்டார்களே என்று கேட்கலாம். போட்டார்கள், யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுக்க. ஆனால் முதலிலிருந்தே இயேசுவோடு இருந்த இரண்டு பேரைத் தாங்களே யோசித்து நிறுத்திய பிறகு, செபித்துவிட்டுப் போட்டார்கள். அதற்கு அடுத்த அதிகாரத்தில் தூய ஆவி வருகிறார். அதற்குப் பிறகு அந்த நூல் முழுக்கத் தேடினாலும் அவர்கள் சீட்டுப் போட்டதாக இல்லை.

இதைவிட ஆபத்தானது, எல்லாம் தானாகக் கூடி வருகிறதே என்று நினைப்பது. திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தைக் கடலோரத்தில் பிறந்தவர்கள் ஒருமுறையாவது உட்கார்ந்து வாசிக்க வேண்டும். பவுலைக் கைதியாக உரோமைக்குக் கொண்டுபோகிறார்கள். கப்பல் கிரேத்துத் தீவில் நிற்கிறது. பருவம் தப்பிவிட்டது, இனிப் பயணம் வேண்டாம் என்கிறார் பவுல். கைதிகளைக் கொண்டுபோகும் படையதிகாரியான நூற்றுவர் தலைவர், கப்பல் ஓட்டுநரும் கப்பல் உரிமையாளரும் சொன்னதை நம்புகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, கைதி பேச்சை யார் கேட்பார்? அந்த நேரம் பார்த்துத் தென்காற்று மெல்ல அடிக்கிறது. நாம் சோழகம் என்போமே, அது. நினைத்தது கைகூடிற்று என்று நங்கூரத்தைத் தூக்குகிறார்கள். கொஞ்ச நேரத்தில் வடகிழக்கிலிருந்து பேய்க்காற்று இறங்குகிறது. நம் வாடைக்காற்றின் திசைதான். பதினான்கு இரவு. கப்பலில் 276 பேர். சரக்கை எறிந்தார்கள், கப்பலின் தளவாடங்களை எறிந்தார்கள், நட்சத்திரமும் தெரியவில்லை. கடைசியில் மால்டாக் கரையில் கப்பல் உடைந்தது. ஆள் ஒருவர்கூடச் சாகவில்லை.

அந்தத் தென்காற்றைப் போல நமக்கும் வரும். கடன் உடனே கிடைக்கிறது, ஆள் தானாக வந்து நிற்கிறார், வீட்டுக்காரர் வாடகையைக் குறைக்கிறார். நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம், ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து நங்கூரத்தைத் தூக்காதீர்கள்.

சொல்லிப் பார்க்க ஆள் வேண்டும்

தனக்குத்தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்வது சுலபம். அதனால் குறைந்தது இரண்டு பேரிடம் சொல்லிப் பாருங்கள். ஒருவர் உங்கள் முடிவால் பாதிக்கப்படுகிறவர். பெரும்பாலும் மனைவி அல்லது கணவர். இன்னொருவர் உங்கள் முடிவால் ஒரு ரூபாய்கூட லாபமோ நஷ்டமோ இல்லாதவர். பங்குத்தந்தை, ஓர் அருள்சகோதரி, கடலைவிட்டுக் கரையேறிய ஒரு பெரியவர். படகு விற்கிறவரிடம் போய்ப் படகு வாங்குவது இறைவிருப்பமா என்று கேட்காதீர்கள். சிரிக்காதீர்கள், நான் கேட்டிருக்கிறேன்.

யோசுவாவிடம் கிபயோனியர் பூசணம் பிடித்த ரொட்டியையும் கிழிந்த செருப்பையும் காட்டித் தூரதேசத்து ஆட்கள் என்று நம்ப வைத்தார்களே, அங்கே ஒரு வரி வரும்: அவர்களுடைய உணவை எடுத்துப் பார்த்தார்கள், ஆண்டவரிடம் கேட்கவில்லை. சோதித்துப் பார்த்தது தப்பில்லை. சோதனையோடு நிறுத்திக்கொண்டதுதான் தப்பு.

வறட்சியில் திசை மாற்றாதீர்கள்

ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர் இஞ்ஞாசியார் 1521-இல் பம்ப்ளோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து படுத்துக் கிடந்தார். பொழுது போகாமல் இரண்டு விதமாகக் கனவு காண்பார். ஒன்று, வீரப் புகழும் அரண்மனைப் பெண்ணும். இன்னொன்று, புனிதர்களைப் போல எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்புவது. இரண்டும் நினைக்கும்போது இனித்தன. ஆனால் முதலாவது போன பிறகு மனம் வறண்டு கிடந்தது, இரண்டாவது போன பிறகும் அமைதி தங்கியது. இயேசு சபையை நிறுவியவர் பிற்பாடு எழுதிய ஆன்மிக நெறிகள் பலவற்றுக்கு அந்தப் படுக்கைதான் தொடக்கம்.

இதை அப்படியே செய்து பார்க்கலாம். மூன்று நாள், இந்த வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்று வைத்துக்கொண்டு வாழுங்கள். அடுத்த மூன்று நாள், வேண்டாமென்று சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொண்டு வாழுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு இரவும் மனத்தில் எது தங்கியது என்று நோட்டில் எழுதுங்கள். பயம் வந்தாலே கெட்டது என்று நினைக்க வேண்டாம். பயத்துக்கு அடியில் அமைதி இருக்கிறதா, உற்சாகத்துக்கு அடியில் கலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அவர் சொன்ன இன்னொரு விதியை நான் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மனம் வறண்டு இருண்டு கிடக்கும் நாளில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதீர்கள். வாடை ஊளையிடும்போது நங்கூரத்தை இறுக்குவோமே தவிர, இடம் மாற்றுவோமா?

கீழ்ப்படிவதற்கு ஒரு தேதி வேண்டும்

பதில் கிடைத்தது என்று மனம் அமர்ந்ததும் நோட்டில் அதன் கீழே எழுதுங்கள்: முதலில் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை, எந்த நாளில், யாரிடம். திங்கட்கிழமை மாமாவுக்குப் போன் செய்வது. புதன்கிழமை சான்றிதழ்களை எடுத்து வைப்பது. இது இல்லாத கீழ்ப்படிதல் காற்றில் போய்விடும்.

முழுப் பாதையும் தெரிந்தால்தான் இறங்குவேன் என்று உட்காராதீர்கள். மீனவரான பேதுருவுக்கு அன்று தெரிந்தது, ஆழத்துக்குத் தள்ளிப் போய் வலையைப் போடு என்று இயேசு சொன்னது மட்டும்தான். இரவெல்லாம் போட்டு ஒன்றும் கிடைக்காத, கழுவி வைத்த வலையைப் பகலில் மறுபடி நனைப்பது என்றால் என்ன எரிச்சல் வரும் என்று நமக்குத்தான் தெரியும். அதுவும் சொல்கிறவர் தச்சர். ஆனாலும் உம் சொல்லுக்காகப் போடுகிறேன் என்றார். அந்த 'ஆனாலும்' போதும். மனம் முழுக்க ஒத்துக்கொண்ட பிறகுதான் கீழ்ப்படிவேன் என்றால் அந்த நாள் வராது.

வலை நிறைந்த மறுநாள்

இந்தப் பகுதிக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

தாவீது அரசர் ஆகிவிட்டார். பெலிஸ்தியர் வந்து இரபாயிம் பள்ளத்தாக்கில் பரவி நிற்கிறார்கள். போகட்டுமா என்று கேட்கிறார். போ, உன் கையில் ஒப்புவிப்பேன் என்கிறார் ஆண்டவர். கரையை உடைத்த வெள்ளம் போல வெற்றி. தோற்றவர்கள் திரும்பவும் வருகிறார்கள். அதே எதிரி, அதே பள்ளத்தாக்கு. போன தடவைதான் 'போ' என்று சொல்லியாயிற்றே, நானாக இருந்தால் அன்றே இறங்கியிருப்பேன். தாவீது மறுபடியும் கேட்கிறார். இந்த முறை பதில் வேறு: நேராகப் போகாதே, பின்னால் சுற்றிப் போ, மர உச்சிகளில் நடக்கும் ஓசை கேட்கும்வரை காத்திரு. கேட்காமல் இறங்கியிருந்தால், நேற்றைய சரியான பதிலே இன்று அவரைக் கவிழ்த்திருக்கும்.

பேதுருவுக்கும் இப்படித்தான். முதல் தடவை ஆழத்துக்குப் போ. இயேசு உயிர்த்தெழுந்த பிறகு, அதே ஏரியில், கரைக்கு இருநூறு முழம் பக்கத்திலேயே, படகின் வலப்பக்கம் போடு. 153 பெரிய மீன்.

கடல்காரருக்கு இது புதிதல்ல. வாடைக் காலத்தில் தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) நல்ல பாடு, அதாவது நல்ல மீன், கிடைத்தது என்பதற்காக மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிய பிறகும் தென்கடலுக்கே போகிறோமா? வடகடலுக்கு (பாக் நீரிணைப் பக்கம்) மாறுகிறோம். காற்றை ஒவ்வொரு விடியலிலும் பார்க்கிறோம். நேற்றுப் பார்த்தேனே என்று யாரும் சொல்வதில்லை. ஆண்டவர் விஷயத்தில் மட்டும் ஒருமுறை கேட்டதை வைத்துப் பத்து வருஷம் ஓட்டப் பார்க்கிறோம்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நானும் மச்சானும் சேர்ந்து முதல் வல்லம் (நாட்டுப் படகு) வாங்கியபோது முறையாகக் கேட்டோம். மூன்று வாரம் நான், என் வீட்டுக்காரி, மச்சான், அவர் மனைவி நான்கு பேரும் மாலையில் உட்கார்ந்தோம். கடனில்லாமல் வாங்க முடிந்தால் வாங்குவது, இல்லாவிட்டால் காத்திருப்பது என்று மனம் ஒத்தது. நகையை விற்றுக் கடனில்லாமல் வாங்கினோம். ஆண்டவர் ஆசீர்வதித்தார். இரண்டு வருஷம் நல்ல பாடு. கோயிலுக்குக் காணிக்கை, அன்பியத்தில் மரியாதை. நான் சாட்சியம்கூடச் சொன்னேன்.

மூன்றாம் வருஷம் இரண்டாவது படகு வாங்கினேன். கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. அன்றைக்கே 'வாங்கு' என்று சொன்னவர் இன்றைக்கு வேறு என்ன சொல்வார்? ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கினேன். முன்பணம் வாங்கினால் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். வீட்டுக்காரி, "போன தடவை கடன் வேண்டாம்னுதானே முடிவாச்சு" என்றாள். அது அப்போ, இது இப்போ என்றேன். பாருங்கள், எனக்கு வசதியான பாதிக்குப் பழைய பதில், வசதியில்லாத பாதிக்குப் புதுக் காலம். அந்த வருஷம் இன்ஜின் இரண்டு முறை மக்கர். பாடும் இல்லை. இரண்டு படகையும் விற்றேன். கடன் அடைய ஏழு வருஷம் ஆனது. மச்சான் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் தேவலை.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன், உங்களுக்கும் சொல்கிறேன். நல்லது நடந்த நாளில் நோட்டை எடுத்து மூன்று வரி எழுதுங்கள். என்ன கிடைத்தது. யாரால் கிடைத்தது, அதில் கூட உழைத்தவர்கள் பெயரும் சேர்த்து. இனி அடுத்து எதைக் கேட்க வேண்டும். கஷ்டத்தில் நோட்டு தானாகக் கைக்கு வந்துவிடும். சந்தோஷத்தில்தான் அது அலமாரிக்கு மேலே போய்விடும்.

கேட்டும் தோற்றால்

இதற்குச் சுலபமான பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். கீழ்ப்படிந்தால் வலை கிழிய மீன் வரும் என்று மட்டும் சொன்னால் அது பாதிக் கதை. தனுஷ்கோடியில் கூரையில்லாமல் நிற்கும் அந்தக் கோயில் சுவரைப் பார்த்திருப்பீர்கள். அங்கே செபித்தவர்கள் கீழ்ப்படியாதவர்கள் என்று சொல்ல யாருக்குத் தைரியம் இருக்கிறது?

ஓரியூர் நம் மாவட்டம்தான். அங்கே உயிர்விட்ட புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) லிஸ்பனில் பெரிய குடும்பத்துப் பிள்ளை, இஞ்ஞாசியாரின் சபைக் குரு. 1686-இல் மறவர் சீமையில் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். சீமையின் அரசர் சேதுபதி விடுவித்து, இனி இந்தச் சீமையில் போதிக்கக் கூடாது என்றார். சபை வேலையாகப் போர்த்துகல் போனார். அங்கே அரசர் இவருடைய சிறுவயதுத் தோழர், இங்கேயே இருந்துவிடு என்று கேட்டார். தென்காற்று என்றால் அதுதான் தென்காற்று! அவர் திரும்பி இங்கேயே வந்தார். மறவர் சீமைப் பிரமுகர் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற விரும்பியபோது, மனைவியரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். விலக்கப்பட்ட ஒரு மனைவி சேதுபதியின் உறவுப் பெண், வழக்கு அரண்மனைக்குப் போனது. 1693 பிப்ரவரி 4, ஓரியூர் ஆற்றங்கரையில் தலையை வெட்டினார்கள். 1947-இல் புனிதர் பட்டம். நாம் அந்த இடத்துச் செம்மண்ணைப் பக்தியோடு எடுத்து வருகிறோம். ஆனால் அந்தப் பிப்ரவரி மாதம் பார்த்தவர்களுக்கு அது வெற்றியாகத் தெரிந்திருக்காது.

தோற்ற நாளில் என்ன செய்வது என்பதற்கு நான் திரும்பத் திரும்பப் போகும் இடம், தாவீது குடியிருந்த சிக்லாகு ஊரின் கதை. தாவீது திரும்பி வரும்போது ஊர் எரிந்து கிடக்கிறது. மனைவி மக்களை அமலேக்கியர் கொண்டுபோய்விட்டார்கள். அழ வலுவில்லாமல் போகும்வரை அழுகிறார்கள். கூட இருந்தவர்களே அவர்மேல் கல்லெறியப் பேசுகிறார்கள். வரிசையைக் கவனியுங்கள். முதலில் அழுதார். பிறகு தன் கடவுளாகிய ஆண்டவரில் வலுப்பெற்றார். அப்புறம் ஆண்டவரிடம் கேட்கப் பயன்பட்ட குருக்களின் ஏபோது ஆடையைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டார்: விரட்டிப் போகட்டுமா, பிடிப்பேனா? நாம் இந்த வரிசையைக் குழப்பிவிடுகிறோம். அழாமலே கேட்க உட்காருகிறோம், அல்லது அழுதுகொண்டே முடிவெடுக்கிறோம். ஒரு பெரிய இழப்பு என்றால் அழுகைக்கு நாள் கொடுங்கள். அந்த நாட்களில் நோட்டில் கேள்வி வேண்டாம், திருப்பாடல் ஒன்று போதும்.

அங்கே இன்னொன்றும் இருக்கிறது. விரட்டிப் போனவர்களில் 200 பேர் களைத்துப்போய் ஓடைக்கரையில் நின்றுவிட்டார்கள். எல்லாவற்றையும் மீட்டு வந்ததும், வராதவனுக்குப் பங்கு கிடையாது என்று சிலர் சொன்னார்கள். தாவீது, மூட்டை காத்தவனுக்கும் சண்டைக்குப் போனவனுக்கும் ஒரே பங்கு என்று சட்டமாக்கினார். காய்ச்சலில் கரையில் கிடந்த கூட்டாளிக்குப் பங்கு பிரிக்கும்போது எங்கள் ஊரில் இன்னும் சில படகுகளில் இந்த நியாயம் இருக்கிறது. எல்லாப் படகிலும் இல்லை.

தொடங்க நல்ல சமயம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், வலை கட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் தவிர வேலை இருக்காது. அந்தத் தம்பியும் அப்போதுதான் தொடங்கினார். இரண்டாம் வாரம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். முதல் பக்கத்தில் அழகான கையெழுத்தில் தேதி போட்டு எழுதியிருந்தார்: 'கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு போன சித்தப்பாவிடம் நான் பேசலாமா, வேண்டாமா?'

"தம்பி, இது ஒதுக்கி வைக்க வேண்டிய கேள்வியாச்சே" என்றேன்.

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் பாலத்துப் பக்கமாக நடந்து போனார்.